சோதனை நுழையும் நேரம்: பாலியல் தூய்மை பற்றிச் சில விளக்கங்கள்

எமது கிராமப் பங்குகளில் தூய்மை என்ற சொல் வருடத்தில் இரண்டொரு தடவைதான் உரத்துக் கேட்கும். ஒன்று தவக்காலத் தியானத்தின்போது. மற்றது யாராவது ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ஊரில் கதை எழும்பிய பின்னர். தவக்காலத்தில் அது பெரும்பாலும் உடுப்பைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடும். கதை எழும்பிய பின்னரோ அந்தப் பிள்ளை மீதான தீர்ப்பாக முடிந்துவிடும். இரண்டிலும் ஆண்கள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே. சோதனை ஒரு மனிதனுக்குள் எப்படி வருகின்றது, எந்த இடத்தில் அதை மறிக்கலாம், மறிக்கத் தவறினால் காயப்படுவது யார் என்பவை பேசப்படாமலே போகின்றன. அவற்றையே நாம் இங்கு சற்று விரிவாகப் பார்க்க விரும்புகின்றோம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கி வைப்போம். உடல் கெட்டது, ஆசை எழுவதே பாவம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் எம்மிடையே பலர். விவிலியம் அப்படிக் கற்பிக்கவில்லை. இனிமைமிகு பாடல் என்ற நூல் முழுவதும் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நாடுகின்ற காதல் பாட்டுத்தான். யோவான் எழுதிய நற்செய்தியின்படி ஆண்டவர் தமது முதல் அரும் அடையாளத்தைச் செய்ததும் ஒரு கலியாண வீட்டில்தான். ஆசை படைப்பின் ஒரு பகுதி. அது யாரை நோக்கி, எந்த உறவுக்குள், யாருடைய சம்மதத்தோடு போகின்றது என்பதிலேதான் கேள்வி பிறக்கின்றது.

ஒரு திருத்தொண்டரின் கதை

சோதனையின் வழியை ஆராய்ந்து எழுதியவர்களுள் எவாகிரியுஸ் என்பவரை எமது வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இவர் கி.பி. 345ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கி நாட்டின் வட பகுதியான பொந்து நாட்டிலே பிறந்தவர். கல்விமான். நசியான்சு கிரகோரியாரின் கையால் திருத்தொண்டராக அருட்பொழிவு பெற்றவர். 381ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் அங்கே பேச்சு வன்மையால் பெயர் பெற்றிருந்தார். அந்த நகரிலேயே உயர்குடி மனிதர் ஒருவரின் மனைவி மீது அவருக்குக் காதல் உண்டாயிற்று. அவளும் அவரை விரும்பினாள்.

அவரது சீடரான பல்லாதியுஸ் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கின்றார். எவாகிரியுஸ் விடுபட விரும்பினார், செபித்தார், ஆனால் விட முடியவில்லை. அப்போது ஒரு கனவு. கையில் விலங்குடன் சிறையில் நிற்கின்றார். நண்பர் ஒருவர் வந்து, இந்த ஊரைவிட்டுப் போவதாக நற்செய்தி நூலின் மீது சத்தியம் செய் என்கின்றார். சத்தியம் செய்கின்றார். விழித்தெழுந்த பின்னர், கனவில் செய்ததானாலும் சத்தியம் சத்தியந்தானே என்று சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் நல்ல பிரசங்கம் கிடைக்கும். ஆனால் கதை முடியவில்லை. எருசலேமுக்கு வந்து சேர்ந்தவர் கொஞ்ச நாளில் பழையபடி உடுப்பிலும் பேச்சிலும் பகட்டுக் காட்டத் தொடங்கினார். பின்னர் காய்ச்சலில் விழுந்து ஆறு மாதம் படுத்தார். வைத்தியர்களுக்கு நோய் பிடிபடவில்லை. அவரை வரவேற்றிருந்த மெலானியா என்ற உரோமைக் கைம்பெண் அவரிடம், மகனே, இந்த நோய் எனக்குச் சரியாகப் படவில்லை, மனதில் உள்ளதைச் சொல் என்ற கருத்தில் கேட்டார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். துறவு வாழ்வு வாழ்வதாக வாக்குக் கொடுத்தார். சுகமானார். அதன் பின்னரே எகிப்தின் பாலைநிலத்துக்குப் போனார். நித்திரியாவில் இரண்டு வருடமும், அதற்கு அப்பாலுள்ள கெல்லியாவில் பதினான்கு வருடமும் வாழ்ந்து, தம் உணவுக்கு வேண்டிய காசை நூல்களைப் பிரதி செய்து உழைத்து, 399ஆம் ஆண்டில் இறந்தார்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஊரைவிட்டுப் போனது அவரைக் காப்பாற்றியது. ஆனால் போனதனால் மட்டும் அவர் தூயவராகிவிடவில்லை. இரண்டாவது, பெண்ணால் வந்தது அவருடைய சோதனை என்று சொல்பவர்கள், அவரை அதிலிருந்து எழுப்பியதும் ஒரு பெண்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் என்றாலே ஆபத்து என்று போதிக்கின்றவர்கள் மெலானியாவை மறந்துவிடுகின்றார்கள்.

வருவதும் தங்குவதும்

பாலைநிலத்தில் எவாகிரியுஸ் மனதுக்குள் வரும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். உணவாசை முதலாவது, காமம் இரண்டாவது. பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் தலையான பாவங்கள் ஏழு என்று வந்த பட்டியலுக்கு இதுவே மூலம். ஆனால் அவர் சொன்னவற்றுள் எமக்கு மிகவும் பயன்படுவது வேறொன்று. எண்ணம் வருவதும் வராமல் விடுவதும் எமது கையில் இல்லை, அது உள்ளே தங்குவதும் தங்காமல் விடுவதுமே எமது கையில் உள்ளது என்பது அவருடைய போதனை.

இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இளைஞர்களுடன் பழகியவர்கள் அறிவார்கள். ஓர் எண்ணம் வந்ததற்காகவே தான் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துப் பூசைக்கு வருவதையே நிறுத்திக்கொள்கின்ற பிள்ளைகள் உண்டு. மலைப்பொழிவில் ஆண்டவர் கண்டித்தது இச்சையோடு பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையை. கண்ணிலே படுவது ஒன்று, பார்த்துக்கொண்டே நிற்பது இன்னொன்று. யாக்கோபின் திருமுகமும் ஆசை கருக்கொள்வது, பாவத்தைப் பெறுவது, பாவம் முற்றிச் சாவைப் பெறுவது என்று ஒரு வளர்ச்சியைத்தான் காட்டுகின்றது. வளர்ச்சி என்றால் இடையில் மறிப்பதற்கு நேரம் உண்டு.

வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரம்பில் நண்டு வளை போட்டிருக்கும். கையளவு களிமண் போதும் அடைப்பதற்கு. பார்க்காமல் விட்டு, இரவோடிரவாகத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன பிறகு ஓடினால் பத்து மண்வெட்டியும் காணாது. சோதனையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் மனவலிமை போதவில்லை என்றே வருந்துகின்றார்கள். உண்மையில் அவர்கள் போராட வேண்டிய இடம் அதற்கு எத்தனையோ மணித்தியாலம் முன்னதாக இருந்தது.

எவாகிரியுஸ் தந்த கருவிகளும் எளிமையானவையே. கைவேலை, மிதமான உணவு, செபம், இரவு விழிப்பு, மூத்த ஒருவரிடம் மனந்திறந்து பேசுதல். தீய எண்ணங்களுக்குப் பதில் சொல்வதற்கென்று ஏறக்குறைய 500 இறைவாக்குகளைத் திரட்டி ஒரு நூலாகவும் செய்தார். எண்ணம் வரும்போது அதனுடன் நின்று வாதாடாமல், மனப்பாடமாக உள்ள ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் பார் என்பதே அதன் நோக்கம். தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் கற்புக்கு உதவும் என்றும் அவர் எழுதினார். அக்காலத்து மருத்துவ எண்ணம் அது. சிறுநீரக நோய் பரவியுள்ள எமது வரண்ட பிரதேசங்களில் யாரும் அதைப் பின்பற்றிவிடக் கூடாது.

இன்னும் ஒன்றையும் அவர் கண்டுபிடித்திருந்தார். கட்டுப்பாடாக வாழ முயல்பவர்களைத்தான் இந்தச் சோதனை கூடுதலாகத் தாக்கும். இவ்வளவு பாடுபட்டும் பலன் இல்லையே என்று அவர்கள் கைவிட்டுவிட வேண்டும் என்பதற்காகவே தாக்கும் என்கிறார். விழுகையை விட, விழுந்த பின் வரும் அவநம்பிக்கை ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பதினாறு வருடம் பாலைநிலத்தில் வாழ்ந்த அவரே, கடைசி மூன்று வருடங்களில்தான் உடலின் ஆசை தம்மைத் தொந்தரவு செய்யவில்லை என்று சாகும் தறுவாயில் கூறியதாகப் பல்லாதியுஸ் எழுதுகின்றார். ஆகவே ஒரு தியானத்துக்குப் போய்வந்து மூன்று கிழமையில் எல்லாம் சரியாகவில்லையே என்று எவரும் மனமுடைய வேண்டியதில்லை. எழும்பி ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போவதும், மறுபடியும் விழுந்தால் மறுபடியும் போவதும் வெட்கத்துக்குரியதன்று.

எமது நாளும் பொழுதும்

எங்கள் கிராமங்களில் வளை எங்கே போடப்படுகின்றது? இதை ஒவ்வொரு அன்பியமும் தன் ஊருக்கு ஏற்பப் பார்க்க வேண்டும். நாம் கண்ட சிலவற்றைச் சொல்கின்றோம்.

களைப்பும் தனிமையும் சேர்ந்த நேரம் முதலாவது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய எமது நாட்டவர்களுள் 1990களின் நடுப்பகுதியில் பெரும்பான்மையினர் பெண்கள். இன்றும் மனைவி குவைத்திலும் கணவன் ஊரிலும், அல்லது கணவன் கட்டாரிலும் மனைவி ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் இல்லாத பங்கு அரிது. இரண்டு வருடம், நான்கு வருடம் பிரிந்திருக்கும் இருவரிடம் தூய்மையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. கணவனும் மனைவியும் நீண்ட காலம் பிரிந்திருக்க வேண்டாம், அதுவும் இருவரின் சம்மதத்துடன் மட்டும் என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை நாம் ஏன் வாசிப்பதில்லை? வெளிநாடு போக முன்னர் எத்தனை வருடம், எந்தக் கடன் தீரும்வரை, எப்போது திரும்புவது என்று இருவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைப்பது பொருளாதாரக் காரியம் மட்டுமன்று, தூய்மைக் காரியமுந்தான். கிழமையில் இத்தனை நாள், இத்தனை மணிக்குக் கதைப்பது என்று வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் காய்ச்சலையும் கூரை ஒழுக்கையும் அனுப்பிய காசின் கணக்கையும் சொல்லிக் கதைக்கும் தம்பதியருக்கு இடையில் மூன்றாம் ஆள் நுழைவது கடினம். கணக்கு மறைக்கத் தொடங்கும்போதே மற்றதும் மறைக்கத் தொடங்கிவிடுகின்றது.

ஊரில் தனித்திருக்கும் ஆணுக்குச் சாராயம் இரண்டாவது வாசல். இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்ததே.

மூன்றாவது கைத்தொலைபேசி. முன்பு ஆபாசப் படம் பார்ப்பதற்குப் பட்டணத்துக்குப் போக வேண்டும், யாரும் காண்பார்களோ என்று பயப்பட வேண்டும். இன்று போர்வைக்குள்ளே வந்துவிட்டது. அந்தப் படங்களில் உள்ள பெண் ஒரு தாயின் பிள்ளை என்பதும், அவள் அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பது பார்ப்பவனுக்குத் தெரியாது என்பதும் இளைஞர் கூட்டங்களில் பேசப்பட வேண்டும். வீடுகளில் ஒரு சிறு ஏற்பாடு உதவியிருக்கின்றது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாருடைய தொலைபேசியும் முன் விறாந்தையில் ஒரே இடத்தில் மின்னேற்றத்துக்கு வைக்கப்படும். பிள்ளைக்கு மட்டும் சட்டம் போடும் வீட்டில் இது நடக்காது. தகப்பனின் தொலைபேசியும் அங்கே இருக்க வேண்டும்.

தாவீதும் நாத்தானும்

யோசேப்பு போத்திபாரின் வீட்டில் மேலாடையை விட்டுவிட்டு ஓடினான். அவன் அங்கே அடிமை. அதிகாரம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஓடியதற்குப் பரிசாகச் சிறையும் கிடைத்தது. தாவீதின் கதை இதற்கு எதிர்மாறு. சாமுவேல் இரண்டாம் நூலின் பதினோராம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அரசர்கள் போருக்குப் போகும் காலத்தில் அவர் வீட்டில் நின்றார். மாலையில் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவினார். கண்டார். யாரென்று விசாரித்தார். இன்னொருவரின் மனைவி என்ற பதில் வந்தது. நிற்பதற்கு அதுவே நல்ல இடம். ஆளனுப்பினார். அழைப்பித்தார். பத்சேபா என்ன சொன்னாள் என்று அங்கே எழுதப்படவில்லை. அரசனின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்போது அவளால் என்ன சொல்லியிருக்க முடியும்? பின்னர் உரியாவின் கொலை.

இறைவாக்கினர் நாத்தான் வந்து அரசனிடம் காமத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. நிறைய ஆடுமாடு உள்ள பணக்காரன் ஒருவன், ஏழையின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொன்னார். தாவீதின் பாவத்தை அவர் ஏழையிடம் செய்த களவாகப் பார்த்தார். புனித பவுலும் தெசலோனிக்கருக்குத் தூய்மையைப் பற்றி எழுதும்போது, இக்காரியத்தில் சகோதரனுக்கு அநீதி இழைக்கக் கூடாது என்றே எச்சரிக்கின்றார்.

இதை நாம் இந்தச் சஞ்சிகையில் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடன் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல், நிவாரணப் பட்டியல் என்று பட்டியல்களைக் கையில் வைத்திருப்பவர்கள் எமது வாசகர்களில் பலர். கள உத்தியோகத்தர், சங்கச் செயலாளர், ஆசிரியர், குருவானவர் எல்லோருக்கும் ஏதோ ஒரு பட்டியல் உண்டு. வறிய கைம்பெண்ணின் முற்றத்துக்குப் பட்டியலோடு போகின்றவன் மாடியில் நிற்கும் தாவீதைப் போன்றவன். நுண்கடன் அறவிடுபவர்களால் பெண்கள் பாலியல் ரீதியாகத் தொல்லைப்படுவது பற்றி, 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணரும் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டியிருந்தார். எமது நிறுவனங்களில் இப்படியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒழுங்குகளைச் செய்வது நல்லது. கடன் அறவிடுவது மாதர் சங்கத்தின் கூட்டத்தில், பகலில், எல்லார் முன்னிலையிலும் இருக்கட்டும். தனித்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு இருவராகப் போகட்டும். பயனாளிகளைத் தெரிவு செய்வது ஒருவரின் கையில் இல்லாதிருக்கட்டும். முறைப்பாட்டைக் கேட்பதற்கு ஒரு பெண் நியமிக்கப்படட்டும். நல்ல உத்தியோகத்தனுக்கும் இது பாதுகாப்பு. தன் மனவலிமையை நாள்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லாமற் போகின்றது.

பறிக்க முடியாதது

கடைசியாக, தூய்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கூட்டத்தில் தலைகுனிந்து இருக்கின்றவர்களைப் பற்றி. பலவந்தத்துக்கு உள்ளானவர்கள் அவர்கள். 2009இல் முடிந்த போரிலும், அதற்கு முன்னும் பின்னும், வீட்டுக்குள்ளும் வெளிநாட்டு எசமானர் வீட்டிலும் இப்படிக் காயப்பட்டவர்களை எமது ஊர்கள் கெட்டுப்போனவர்கள் என்ற சொல்லால் இரண்டாந்தரம் காயப்படுத்துகின்றன.

இது திருச்சபையின் போதனைக்கே மாறானது. 410ஆம் ஆண்டில் அலாரிக்கின் படை உரோமை நகரைச் சூறையாடியபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர் பலவந்தப்படுத்தப்பட்டனர். அவர்கள் கற்பிழந்தவர்கள் என்ற பழிப்பேச்சு எழும்பியது. புனித அகுஸ்தீனார் 413ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய கடவுளின் நகரம் என்ற நூலின் ஆரம்பத்திலேயே இதற்குப் பதில் சொன்னார். தூய்மை மனதின் சம்மதத்தில் இருப்பது. சம்மதிக்காதவருடைய தூய்மையை மற்றொருவரின் பலவந்தம் அழிக்க முடியாது. குற்றம் முழுவதும் செய்தவனுடையது. அவமானத்தினால் உயிரை மாய்த்துக்கொண்ட பழைய உரோமைப் பெண் லுக்ரேசியாவைப் போற்றி வந்த உலகத்தில் அவர் இதைச் சொன்னார். அதே நூலில், அப்பெண்களுக்குள் மறைந்த பெருமை ஏதும் இருந்திருக்குமோ என்றும் அவர் கேட்டு வைக்கின்றார். அந்தக் கேள்வியை நாம் ஏற்க வேண்டியதில்லை. முன்னைய வாதமே உறுதியானது.

தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பிள்ளை யாருடன் படுத்துறங்குகின்றது, பாடசாலை விட்டு யாருடைய வீட்டுக்குப் போகின்றது என்று பங்குச்சபையும் அயலவர்களும் விசாரிக்க வேண்டும். பிள்ளை ஏதாவது சொன்னால், மாமா அப்படிச் செய்யமாட்டார் என்று வாயடைக்கக் கூடாது. குடும்ப மானம் போய்விடும் என்று ஊருக்குள் சமாதானம் பேசி முடிப்பது அடுத்த பிள்ளையையும் அதே ஆளிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

சட்டமும் துணை நிற்கின்றது. பாலியல் தொந்தரவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், ஒரு கடமையைச் செய்து கொடுப்பதற்காகப் பாலியல் சலுகை கேட்பதையும் இலஞ்சக் குற்றமாக ஏற்றுக்கொண்டுள்ளது. அப்படிக் கேட்கப்பட்டவர்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. இந்த மூன்று இலக்கங்களையும் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையிலும் கோயில் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடும்படி பங்குச்சபைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.